யார் கொண்டுவந்த கிருமி?

பேத்திக்குப் போட்ட எந்த மருந்துக்கும் காய்ச்சல் இறங்கவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்த பெரியவருக்கு முதுகு விட்டுப்போயிற்று.

"நர்ஸ் வேலைக்குப் போறேன்னு கிருமியைச் சுமந்துட்டு வந்திருக்கா," என்றார் மகனிடம், மருமகளின் காதுபட. "என் பரம்பரையில யாரும் ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதில்ல."

வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்யச் சொன்னவரும் அவர்தான். மருமகள் அலுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

டாக்டர் வந்தார்.

"முடிவு வந்துடுச்சு. ஐயா, கொஞ்சம் உள்ள வாங்க."

"இங்கயே சொல்லுங்க. எங்க குடும்பத்துல ஒளிவுமறைவு கிடையாது."

டாக்டர் தயங்கினார். "குழந்தையோட கிருமியில மருந்தை எதிர்க்கிற மரபணு இருக்கு. வீட்டுல அதே மரபணு உள்ள கிருமி உங்க குடல்ல மட்டும்தான் இருக்கு. காய்ச்சல்னா கிருமியைக் கொல்ற மாத்திரையை முழுசா முடிப்பீங்களா?"

"கடையில வாங்கி ரெண்டு போடுவேன், சூடு விட்டதும் நிறுத்திடுவேன். மாத்திரையை நம்பி நிக்கிற உடம்பா இது?"

"தப்பிப் பிழைச்ச கிருமிக்குத்தான் அந்த மரபணு. அது கிருமியோட வாரிசுக்கும் போகும், கைவழியா குழந்தைக்கும் போகும். வேற மருந்து மாத்தியாச்சு, குழந்தை தேறிடுவா."

பெரியவரின் குரல் தணிந்தது. "இதைத் தனியாச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"தனியாத்தான் சொல்லணும்னு கேட்டுக்கிட்டாங்க, உங்க மருமக."