படத்தில் உள்ளபடி

இரண்டு நாடுகளுக்கும் நடுவே இருந்தது ஓர் இரும்புக் குழாய்தான். வெள்ளையடித்து, ஒரு முனையில் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட குழாய். இந்த நாட்டுப் பேருந்து அதற்கு இப்பால் எல்லோரையும் இறக்கிவிட்டது. அந்த நாட்டுப் பேருந்து அப்பால் உறுமிக்கொண்டு நின்றது. நடுவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி வேர்க்கடலைத் தோலை ஊதிவிட்டு, அமிர்தகௌரியின் பாஸ்போர்ட்டைப் பிரித்தார்.

“போட்டோவுல சிரிக்கிறீங்க. இங்க சிரிப்பக் காணோமே. அப்ப இது யாரு?”

“நான்தான் சார். தம்பி செத்துட்டான். நாலு மணிக்கு எடுக்கறாங்க.”

“போங்க, யாரு வேணாங்கறா? சிரிச்சுட்டுப் போங்க.”

அந்தப் படம் எடுத்த அன்று, போட்டோக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்று நாக்கைத் துருத்திக் காட்டியவன் அந்தத் தம்பிதான்.

அப்பால் கண்டக்டர் விசில் ஊதினார். “சிரிச்சுத் தொலைங்கம்மா, பஸ் போயிரும்!” என்றார் பின்னால் நின்றவர். வரிசையில் சிலர் தங்கள் பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தைச் சரிசெய்யத் தொடங்கியிருந்தார்கள்.

அமிர்தகௌரி அதிகாரியைப் பார்த்தாள். அவருடைய தொப்பியை, மேசையை, உதட்டில் ஒட்டியிருந்த கடலைத் தோலை நிதானமாகப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பற்கள் முழுவதும் தெரிந்தன. அதிகாரி உதட்டைத் துடைத்துக்கொண்டார். படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமலே அவசரமாக முத்திரையைக் குத்தினார்.

“சரி, போதும். நிறுத்துங்க.”

அவள் நிறுத்தவில்லை.