சுண்ணாம்பு தின்ற கை

ஆஸ்பத்திரி வராந்தாவில் காலை வெயில் சாய்வாக விழுகிறது. நர்ஸ் படிப்பில் இருக்கும் சிரோன்மணி, அப்பா ஏசடியானுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். படிப்பை நிறுத்தி மகளைச் சொந்த ஊரான ஆம்பூருக்கே அழைத்துப் போக வந்திருக்கிறார் அவர். காட்பாடி ஸ்டேஷனுக்குத் திரும்ப வாசலில் ஜட்கா நிற்கிறது. குதிரை தலையை உதறும்போதெல்லாம் சலங்கை குலுங்குகிறது. கார்பாலிக் மருந்து நெடியையும் மீறி அவர்மேல், அவர் வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்பின் ஆவாரம்பட்டை வாசனை. சுண்ணாம்புக் குழியில் தோலைப் புரட்டிப் புரட்டி அவருடைய வலது கை விரலிடுக்கெல்லாம் வெந்து கிடக்கிறது. அந்தக் கை இப்போது அவள் பிடியில், பீங்கான் கிண்ணத்துக்கு மேலே. போரிக் தண்ணீர் சொட்டுகிறது. “கண்டவன் பீ மூத்திரம் அள்றா உன் பொண்ணுன்னு பேசறாங்கம்மா. எவன் கட்டிக்குவான்? பொட்டிய எடு, போலாம்.” அவள் நிமிரவில்லை. “நீ செத்த மாட்டுத் தோலக் கழுவற. நான் உசுரோட இருக்கறவங்களக் கழுவறேன். இதுல இன்னா கொறச்சல் நைனா? படிப்ப முடிச்சிட்டுத்தான் வருவேன்.” பஞ்சு அடுத்த விரலிடுக்குக்குப் போகிறது. வலியில் அவர் உதடு கோணுகிறது. கை மட்டும் அசையவில்லை. களிம்பு தடவி, துணி சுற்றி, முடிச்சுப் போடுகிறாள். “நாளன்னிக்குக் கட்டு மாத்தணும். வந்துடு.” ஜட்காக்காரன் குரல் கொடுக்கிறான். ஏசடியான் வாசலைப் பார்க்கிறார், கட்டைப் பார்க்கிறார். பிறகு, அதுவரை துண்டுக்குள் மறைத்து வைத்திருந்த இடது கையையும் மெல்ல நீட்டுகிறார்.