இரண்டு விசில்

கம்பிக் கட்டைச் சுமந்துகொண்டு மூன்றாம் தளத்துக்கு ஏறியபோதுதான் கவனித்தாள். புருஷனுக்கு வியர்வை நின்றுபோயிருந்தது.

காலையெல்லாம் சட்டையைப் பிழிந்தால் சொட்டியது. இப்போது கழுத்து காய்ந்து, அடுப்பில் வைத்த சட்டி மாதிரி கொதித்தது. கட்டுக்கம்பியை முறுக்க வராமல் விரல்கள் தடுமாறின.

“என்னங்க” என்றாள். யாரோ போல அவளைப் பார்த்தான்.

போன வாரம் பக்கத்து ஆளுக்கும் இப்படித்தான் வியர்வை நின்றது. அப்புறம் அந்த மனுஷன் எழுந்திருக்கவே இல்லை.

உச்சி வெயிலில் வெட்டவெளி வேலை கூடாது என்று சட்டம். கேட்டில் பெரிய பலகையே இருக்கிறது, ரோட்டைப் பார்த்து. அதிகாரியின் வண்டி தெரிந்தால் வாட்ச்மேன் இரண்டு விசில் அடிப்பான். உடனே நிழல் வலை, தண்ணீர் கேன் எல்லாம் கிடங்கிலிருந்து ஓடிவரும். வண்டி போனதும் வலையோடு சட்டத்தையும் சுருட்டி உள்ளே வைத்துவிடுவார்கள்.

விழுந்தடித்து இறங்கி மேஸ்திரியிடம் ஓடினாள். “அண்ணே, அவரு சரியா இல்லண்ணே. செத்த நேரம் நிழல்ல உக்கார வைங்க.”

“கான்கிரீட் வண்டி கிளம்பிடுச்சும்மா. உன் வீட்டுக்காரர் என்ன வெண்ணெயா, உருகிப் போறதுக்கு?”

பாவி. நல்லா இருப்பானா இவன்!

காலி வாளியைத் தூக்கிக்கொண்டு கேட் பக்கத்துக் குழாய்க்கு நடந்தாள்.

சற்று நேரத்தில் விசில் கேட்டது. ஒன்று. இரண்டு.

மேஸ்திரிக்கு உயிரே போய்விட்டது. எல்லோரையும் இறங்கச் சொல்லிக் கத்தினான். வலை கட்டினார்கள், கேன்கள் வந்தன. அதிகாரி கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, தள்ளாடியவனைத் தானே தோளில் தாங்கி இறக்கி, நிழலில் படுக்கவைத்தான்.

அவள் நிறைவாளியோடு ஓடிவந்தாள். தலையில் ஊற்றினாள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்தாள். எழுந்திருய்யா, எழுந்திரு என்று மனசு அடித்துக்கொண்டது.

மேஸ்திரி கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். வண்டி எதுவும் வரவில்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு வாட்ச்மேன்தான் வந்தான். “கொஞ்சம் கண்ணசந்துட்டேன். ஆணியில மாட்டியிருந்த விசிலைக் காணோம். யாராச்சும் பாத்தீங்களா?”

மேஸ்திரி மெல்லத் திரும்பினான். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவள் மடியில் விசில் உறுத்தியது. ஆனாலும் நிமிரவில்லை. புருஷனின் மேலுதட்டில் விரல் வைத்தாள்.

ஈரம். ஊற்றிய தண்ணீராக இருக்கும். முந்தானையால் ஒற்றி எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

மறுபடியும் துளிர்த்தது.