அரிசி டிரம்

அப்பா மரம் அறுக்கும் மெஷினை, பளிச்சென்று இருக்கட்டுமே என்று பேட்டரியைக் கழற்றாமலே குழாயடியில் கழுவிவிட்டேன். பிறகு பயந்துபோய், நனைந்த செல்போனை உலர்த்துவதுபோல் பேட்டரியை அரிசி டிரம்மில் புதைத்தேன். நள்ளிரவில் தொட்டுப் பார்த்தால் அரிசி சுடுகிறது. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். தோழி சுகிர்தாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"லூசு, பேட்டரி வெடிச்சுடும், அப்பாவை எழுப்புடி," என்றாள்.

"கொன்னுடுவாருடி. இருக்கிறதே அந்த ஒரு பேட்டரிதான்."

"டிரம் எங்க இருக்கு?"

"அவரு தலைமாட்டுல."

"எழுப்பு முதல்ல. ஐயோ, எங்கம்மா முழிச்சுட்டாங்க, வைக்கிறேன்."

அரிசிக்குள்ளிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"வெளிய வாங்கப்பா."

அவர் கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியாம்மா?" என்றார்.