முதல் கடிதம்

"ஏன்னா, எதிராத்து மாமாவுக்கு ரொம்ப முடியலையாம். கூட்டத்துக்குப் போறச்சே ஒரு எட்டு பாத்துட்டுப் போங்கோளேன்."

பாகீரதி இப்படிச் சொன்னதும் வெங்கடகிருஷ்ணன் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டார்.

"அந்த ஆத்துப் பேச்சை இங்கே எடுக்கப்படாதுன்னு எத்தனை தடவை சொல்றது? நான் செத்தாலும் அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்."

"இன்னிக்கு நீங்க பேசப் போறதே சண்டை போட்டுச் சமாதானமாப் போனவாளைப் பத்தித்தானே?"

"அது சரித்திரம்டீ. இது நம்ம தெரு."

வலியசாலையில் அந்த எதிரெதிர் வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திப் பதினோரு வருஷம் ஆகிறது. அதற்கு முன் ஒரே ஆபீஸ், ஒரே பஸ், மழை வந்தால் ஒரே குடை. வாசகசாலைத் தலைவர் தேர்தலில் இருவரும் நின்றார்கள். வெங்கடகிருஷ்ணன் பெருந்தன்மையாக நண்பருக்கு ஓட்டுப் போட்டார். நண்பர் அனந்தபத்மநாபன் தனக்கே போட்டுக்கொண்டார். ஒரே ஒரு ஓட்டில் வெங்கடகிருஷ்ணன் தோற்றார்.

அனந்தபத்மநாபன் அந்தப் பதவியை இரண்டே வருஷத்தில் விட்டுவிட்டார். இவர் கோபத்தை விடவில்லை.

இன்றைய பேச்சுக்கு விஷயம் கிடைத்தது அதிர்ஷ்டம்தான். 1976 ஜூலை நாலு, அமெரிக்காவுக்கு இருநூறு வயது. "அன்னிக்கு ஏதாவது பேசுங்க சார்" என்று வாசகசாலைச் செயலாளர் கோமதிநாயகம் நச்சரித்துக்கொண்டே இருந்தார். ஆரியசாலையில் மிளகாய் மண்டி வைத்திருப்பவர். வெங்கடகிருஷ்ணனுக்கோ ஒன்றும் தோன்றவில்லை.

அப்போதுதான் ஓமனா நாலு பக்கம் எழுதிய காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்ப்பவள். வாசகசாலையைப் பெருக்குபவளும் அவள்தான்.

"யார் குடுத்தா?"

ஓமனா விழித்தாள். எதிர்வீட்டுப் பேரைச் சொன்னதற்காகப் போன மாசம்தான் அவளுக்கு வேலை போக இருந்தது.

"சாமிக்கு அறியாத ஆளா?" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

சரி, கோமதிநாயகம்தான் என்று வெங்கடகிருஷ்ணன் முடிவு செய்தார். மிளகாய் மண்டிக்காரருக்கு இவ்வளவு சரித்திரம் தெரியுமா என்று ஆச்சரியம்கூடப் பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலக் கூட்டத்தில் உட்கார இடமில்லை.

"அமெரிக்க ஜனாதிபதிகளா இருந்த ஆடம்ஸும் ஜெபர்சனும் அப்படி ஒரு சிநேகம்! தேர்தல் வந்தது. ஜெபர்சன் ஜெயிச்சார். தோத்துப்போன ஆடம்ஸ் பதவியேற்பு விழாவுக்குக்கூட நிக்காம விடியறதுக்குள்ள ஊரை விட்டே போயிட்டார். அப்புறம் பதினோரு வருஷம் பேச்சில்லை!"

முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெங்கடகிருஷ்ணன் கவனிக்கவில்லை.

"கடைசியில தோத்தவர்தான் முதல் கடிதம் எழுதினார். ஜெயிச்சவர் உடனே பதில் போட்டார். ரெண்டு பேருக்கும் எவ்வளவு பெரிய மனசு! ரெண்டு பேரும் போனதும் ஒரே நாள், 1826 ஜூலை நாலு. ஆடம்ஸ் கண்ணை மூடறச்சே 'ஜெபர்சன் இருக்கார்'னு சொன்னாராம். ஜெபர்சன் சில மணி நேரம் முந்தியே போயிட்டது பாவம், அவருக்குத் தெரியாது!"

பேசிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுகை வந்தது. எல்லாம் அமெரிக்காக்காரர்களுக்காக.

"அஞ்சு வருஷம் கழிச்சு மன்றோன்னு இன்னொரு ஜனாதிபதி போனதும் ஜூலை நாலு. ஏன், நம்ம விவேகானந்தர் போனதும் ஜூலை நாலு. பெரியவாள்ளாம் போற நாள் இது!"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. ரோஜா மாலை போட்டார்கள்.

"இந்த விஷயத்தை எழுதிக் கொடுத்த கோமதிநாயகத்துக்கு என் நன்றி" என்றார் வெங்கடகிருஷ்ணன். கோமதிநாயகம் ஒரு நிமிஷம் திருதிருவென்று விழித்தார். பிறகு எழுந்து சபையைக் கும்பிட்டார். தானாக வந்த பாராட்டை யார் வேண்டாம் என்பார்கள்?

மாலையைக் கையில் பிடித்தபடி தெருவுக்குள் நுழைந்தபோது எதிர்வீட்டு வாசலில் கூட்டம். பாகீரதி அங்கேதான் நின்றிருந்தாள்.

"ஏன்னா, அஞ்சரை மணிக்கு மாமா போயிட்டார்."

அஞ்சரை மணிக்கு இவர் மேடையில் ஆடம்ஸுக்காக அழுதுகொண்டிருந்தார்.

யாரும் கூப்பிடவில்லை. கால் தானாகவே அந்த வாசப்படியை ஏறியது. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கையிலிருந்த மாலையை நண்பரின் மார்பில் வைத்தார்.

"அனந்தா" என்று கூப்பிட்டார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேர் அவர் வாயில் வந்தது.

அனந்தபத்மநாபனின் பெண் சுப்புலக்ஷ்மி பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, அப்பா குடுத்தனுப்பின காகிதத்தை ஓமனா உங்க கையிலதானே குடுத்தா?"

"எந்தக் காகிதம்மா?"

"ஆடம்ஸ், ஜெபர்சன் விஷயம். அப்பாவுக்குக் கை நடுக்கம். அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். 'அங்கே தோத்தவர் முதல்ல எழுதினார், இங்கே ஜெயிச்சவன் நான் எழுதறேன். பேர் போட வேண்டாம், அவனுக்குப் புரியும்'னார்."

வெங்கடகிருஷ்ணன் மடியிலிருந்து அந்த நாலு பக்கத்தை எடுத்து விரித்தார்.

"நீங்க அதைப் பத்தியே பேசப் போறேள்னு நோட்டீஸ் பார்த்துட்டு வந்து சொன்னேன். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். மத்தியானம்கூட, 'பாத்தியா, புரிஞ்சுண்டுட்டான். கூட்டம் முடிஞ்சதும் நேரா இங்கேதான் வருவான். ரெண்டு காபிக்குப் பால் எடுத்து வை'ன்னார், மாமா."