பிடித்து வைத்த நாலு சீட்டு

ஊருக்குப் போகும் இரவு விமானத்தின் கடைசி நாலு சீட்டையும் யாரோ பணம் கட்டாமல் பிடித்து வைத்திருந்தார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் வெல்டர், டிக்கெட் கடையில் உட்கார்ந்து, முகம் தெரியாத அந்த நாலு பேரையும் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்கவும் மாட்டானுங்க, விடவும் மாட்டானுங்களா?"

"நாலு மணி வரைக்கும் கெடு இருக்கு சார். அதுக்குள்ள பணம் கட்டலேன்னா தானா விட்டுரும்," என்றாள் டிக்கெட் கடைப் பெண். "விட்டதும் உங்களுக்குப் போட்டுர்றேன். பாஸ்போர்ட் நகல் குடுங்க."

காலையில் எடுத்த ஐந்து நகல்களில் மிஞ்சியிருந்த ஒன்றை நீட்டினான்.

"கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்ல?"

"எட்டு மணியிலேர்ந்து கடை கடையா அலையறேம்மா. நகலை வாங்கறாங்க, ஏதோ தட்டறாங்க, போன கடையைவிடக் கூடுதலா விலை சொல்றாங்க. அவசரம்னு தெரிஞ்சா விடுவாங்களா?"

ஒரு போல்ட்டு வாங்கவே தெரு முழுக்க விலை விசாரிக்கிற ஆள் அவன்.

கைப்பேசி அடித்தது. தங்கை.

"அண்ணா, டிக்கெட் கெடைச்சுதா? இனிப் பலனில்லேன்னு நாளைக்குக் காலைல அப்பாவோட மூச்சுக் குழாயை எடுத்துருவாங்களாம். கதவு திறக்கறப்பல்லாம் அவரு கண்ணு லேசா அந்தப் பக்கம் அசையுது."

"ராத்திரி ஏறிடுவேன்னு சொல்லு. காதுகிட்ட போய்ச் சொல்லு."

நாலு மணி ஆனது. நாலு ஐந்தும் ஆனது. திரையில் காலி சீட்டுக்கு நேரே இருந்த பூஜ்யம் அசையவில்லை.

பெண் விமான அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அவசரத்தைச் சொன்னாள், நகலைப் பார்த்து அவன் பெயரைச் சொன்னாள். பிறகு வெகுநேரம் "ம்" மட்டும் கொட்டினாள்.

"அந்தச் சீட்டெல்லாம் காத்திருப்புப் பட்டியல்ல இருந்தவங்களுக்குப் போயிருச்சு சார். மூணரைக்கே."

"கெடு நாலு மணின்னு சொன்னீங்களே!"

"ஒரே ஆள் பேர்ல ஒரே விமானத்துல நாலு சீட்டு இருந்தா, கெடுவுக்குக் காத்திருக்க மாட்டாங்க. மொத்தமா அழிச்சுருவாங்க."

"ஒத்த ஆளா?" வெல்டர் மேசையில் ஓங்கி அறைந்தான். "எவன் அந்தப் படுபாவி? ஒருத்தனுக்கு எதுக்குங்க நாலு சீட்டு?"

அவள் நகலை மெல்ல அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நாலு கடையிலயும் உங்களுக்காகத்தான் சார் பிடிச்சு வெச்சிருந்தாங்க."