சாவி ஏட்டையாவிடம்

ஜீவனாம்ச பாக்கிக்காகப் புருஷன்மேல் பிடிவாரண்டு வந்த பிறகும், அடையாளம் காட்ட ஆள் வேண்டும் என்று ராஜகனியையும் அவன் இருந்த புனேவரை கூட்டிப்போனார் ஏட்டு. போக வர எல்லோருக்கும் டிக்கெட் எடுத்தது அவள்தான். அதுதான் வழக்கம் என்றார்கள். திரும்பும் ரயிலில் அவள் புருஷன் தங்கமாரியின் வலக்கை ஏட்டின் கையோடு விலங்கில் பூட்டியிருந்தது. வழியில் ஒரு பெரிய ஸ்டேஷனில் வண்டி நின்றதும், “தண்ணி பிடிச்சிட்டு வந்திருதேன். வளையலக் கொஞ்சம் மேல தள்ளும்மா” என்று தன் கை வளையத்தைக் கழற்றி அவள் இடக்கையில் பூட்டிவிட்டு இறங்கினார். குழாயடியில் கூட்டம். வண்டி கிளம்பிவிட்டது. பாட்டிலோடு ஏட்டு ஓடிவந்து பின்தங்கியதை இருவரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள்.

“சாவி?” என்றான் தங்கமாரி.

“அவர்ட்டதான்.”

அவன் துண்டை எடுத்து விலங்கின்மேல் போட்டான். கைகோத்திருக்கிறார்கள் என்று நினைத்து எதிர் சீட்டுக்காரி சிரித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் ராஜகனி மடியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

“காலையிலருந்து வயித்துல ஒண்ணுமில்ல, கனி.”

அவள் பொட்டலத்தை நடுவில் நகர்த்தி வைத்தாள். அவன் வலக்கை சோற்றுக்குப் போனது. கூடவே அவள் இடக்கையும் போனது. பாதி வழியில் அவள் தன் கையை நிறுத்திக்கொண்டாள்.

“நம்ம சின்னவ இப்ப எந்த வகுப்பு படிக்கா, சொல்லும்.”

துண்டு நழுவி விழுந்தது. இரண்டு கைகளும் பொட்டலத்துக்கு மேலே அப்படியே நின்றன.